கடல் கடந்த நாணயம்
(கொங்கு நாட்டுத் தொழில்களும் அமெரிக்கச் சந்தையும்)

முன்னுரை

'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் பிறழாத நேர்மையும் நாணயமே. காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் சுட்டிய நம் முன்னோர், கொடுக்கல் வாங்கலின் உயிர்நிலை எதுவென்பதை நன்கு அறிந்திருந்தனர் எனலாம். ஊரில் ஒரு வணிகரைப் பற்றி விசாரிக்கும்போது, அவரிடம் எத்தனை இலட்சம் இருக்கிறது என்று நாம் முதலில் கேட்பதில்லை, "ஆள் நாணயமானவரா?" என்றே கேட்கிறோம்.

உள்ளூரில் இக்கேள்விக்கு விடை காண்பது எளிது. வணிகரின் தந்தையை நாம் அறிவோம், கடையை அறிவோம், தவறு நேர்ந்தால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள நாட்டில், நம் முகமே காணாத ஒருவர் நம்மை எவ்வாறு நம்புவார்? ஓர் அயல்நாட்டு நிறுவனம் அமெரிக்கச் சந்தையில் கால் பதிப்பது எப்படி என்னும் பெரிய வினாவின் சாரம் இதுவே. அமெரிக்கரின் கண்ணுக்கு 'அயல்நாட்டு நிறுவனம்' என்பது பிறிதொன்றன்று. நம் கோயம்புத்தூர் நிறுவனமும் திருப்பூர் நிறுவனமுமே அவை. சரக்கு கடல் கடப்பது எளிது; நாணயம் கடல் கடப்பதே அரிது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் வணிகக் கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். நம் மாணவர்களுள் பலர் பட்டம் பெற்றபின் ஏற்றுமதி அலுவலகங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் எஞ்சினியரிங் பட்டறைகளிலும் பணிக்குச் செல்கின்றனர். அவர்தம் வாழ்வைத் தீர்மானிக்கும் செய்திகளைத் தமிழில் எடுத்துரைப்பதும் தமிழ்ப் பணியே என்பது நம் துணிபு.

நொய்யல் கரையின் பழந்தொடர்பு

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஆயினும் கடல் வணிகம் அதற்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் அமைந்த கொடுமணல், பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று சுட்டப்பெறும் ஊராகும். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகள், மணிகள் செய்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த தொழில் மக்களை நமக்குக் காட்டின. காங்கயத்தை அடுத்த படியூர் பச்சைக் கல்லுக்குப் பெயர் பெற்றது. இப்பொருள்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையின் முசிறியை அடைந்து, அங்கிருந்து உரோம நாட்டுக்குச் சென்றன. அவற்றுக்கு ஈடாக வந்த உரோமக் காசுகள் கோவையை அடுத்த வெள்ளலூரிலும் கொங்கின் பிற ஊர்களிலும் புதையல்களாகக் கிடைத்துள்ளன. அந்நிய நாட்டு மன்னரின் தலை பொறித்த காசை நம் உழவரும் கொல்லரும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அதன் எடையிலும் மாற்றிலும் இருந்த நம்பிக்கையே ஆகும்.

இசுலாமியத் தமிழ் மரபும் இதற்குச் சான்று பகரும். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தூதராவதற்கு முன்னரே மக்கத்து மக்களால் 'அல் அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று அழைக்கப் பெற்றவர்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் பொருளைப் பெற்று ஷாம் தேசம் சென்று வணிகம் செய்து திரும்பிய செய்தியை உமறுப் புலவரின் சீறாப்புராணம் விரித்துரைக்கிறது. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பைத் தர, ஈட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளும் இம்முறையை 'முளாரபா' என்பர். தொலைதூரச் சந்தையில் நமக்காக ஒருவர் நம்பிக்கையோடு விற்றுத் தரும் முறை அது. இன்று 'டீலர்' என்றும் 'டிஸ்ட்ரிபியூட்டர்' என்றும் வழங்கும் முகவரின் இடத்தைப் புரிந்துகொள்ள இம்மரபு பெரிதும் உதவும்.

பிறர் பெயரில் விற்றல்

கொங்கு நாட்டின் இக்கால ஏற்றுமதி என்றவுடன் நினைவுக்கு வருவது திருப்பூர். உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த அவ்வூர், 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகரின் வருகையால் நேரடி ஏற்றுமதியில் இறங்கியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 1974 முதல் உலக ஆடை வணிகத்தைக் கட்டுப்படுத்திய 'கோட்டா' முறை, 1995 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பெற்று, 2005 சனவரி 1 அன்று முற்றிலும் நீங்கியது. ஒவ்வொரு நாடும் இத்தனை உருப்படிகளே அனுப்பலாம் என்ற வரம்பு அகன்றபின், திருப்பூரின் 'ஆர்டர்கள்' பெருகின. 2024-25ஆம் நிதியாண்டில் அவ்வூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அமெரிக்காவுக்குச் சென்றது.

இவ்வளர்ச்சி பெருமைக்குரியது. ஆயினும் ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அமெரிக்கக் கடையில் தொங்கும் சட்டையின் கழுத்துப் பட்டையில் அமெரிக்க நிறுவனத்தின் பெயரே இருக்கும். தைத்த ஊரின் பெயரோ, தைத்தவரின் பெயரோ இராது. 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்னும் சிறு வரி மட்டுமே இருக்கும். அவ்வரியும் அந்நாட்டுச் சட்டம் கேட்பதனால் இடம்பெறுவது. சட்டையை வாங்குபவர் நம்புவது அப்பட்டையிலுள்ள பெயரைத்தான். ஆதலின் நம் தொழிலாளி தைத்த தையலின் நாணயம் வேறொருவரின் கணக்கில் வரவாகிறது. 'பையர்' நாளை வங்காளதேசத்துக்கோ வியட்நாமுக்கோ ஆர்டரை மாற்றினால், அச்சட்டை அணிபவருக்கு யாதொரு வேறுபாடும் தெரியாது.

2025ஆம் ஆண்டு இவ்வுண்மையை நமக்குக் கசப்பாக உணர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு 7 அன்று இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. ஆகஸ்டு 27 அன்று மேலும் 25 விழுக்காடு சேர்ந்து, கூடுதல் வரி மட்டும் 50 விழுக்காடு ஆயிற்று. பருத்தி 'டி-சர்ட்'டுக்கு அங்கு வழக்கமான இறக்குமதி வரி 16.5 விழுக்காடு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். திருப்பூரிலிருந்து 4 டாலர் விலையில் ஒரு சட்டை செல்வதாகக் கொள்வோம். வழக்கமான வரி 66 சென்ட். கூடுதல் வரியும் சேர்ந்தபின் அது 2 டாலர் 66 சென்ட். 4 டாலர் 66 சென்டுக்குத் துறைமுகத்தை விட்டு வெளியேறிய சட்டை 6 டாலர் 66 சென்டுக்கு வெளியேறும். வரியைச் சட்டப்படி செலுத்துபவர் அங்குள்ள இறக்குமதியாளரே. அவர் செய்வது என்ன? "விலையைக் குறையுங்கள், இல்லையேல் ஆர்டர் வேறிடம் போகும்" என்று திருப்பூருக்குச் செய்தி அனுப்புவதே.

அந்நாள்களில் நம் வகுப்பில் ஒரு மாணவர் சில வாரங்களாகச் சோர்ந்து காணப்பட்டார். மாலையில் பனியன் கம்பெனியில் 'செக்கிங்' வேலை பார்த்துப் படிப்புச் செலவைத் தாமே ஈட்டிக்கொள்பவர் அவர். காரணம் வினவியபோது, "ஷிப்மென்ட் நின்று விட்டது ஐயா, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, அம்மாவுக்கும் அதே நிலைதான்" என்றார். வாஷிங்டனில் இட்ட ஒரு கையொப்பம், இங்கு ஒரு வீட்டின் அடுப்பைத் தொட்டது. வரி விகிதம் காலத்துக்குக் காலம் மாறும். பேச்சுவார்த்தையால் குறையவும் கூடும். ஆயின் பெயரற்று உழைப்பவர் முதலில் அடிபடுவார் என்னும் பாடம் மாறாது.

சரக்குச் செல்வதும் நிறுவனம் செல்வதும்

ஆகவே சரக்கு அமெரிக்கா செல்வது ஒன்று. நிறுவனமே அமெரிக்கா செல்வது மற்றொன்று. முன்னதில் கப்பலேற்றியதோடு நம் வேலை பெரும்பாலும் முடிகிறது. பின்னதில் கப்பல் கரை சேர்ந்த பிறகே வேலை தொடங்குகிறது.

நீண்ட காலம் நம் நிறுவனங்களுக்கு இரண்டாவது வழி எளிதாக இருக்கவில்லை. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டில் முதலீடு செய்வதை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தமும், 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அக்கதவைத் திறந்தன. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் 1989இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமும், ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் முழு வரி கட்டும் இடரைக் குறைத்தது.

அங்குச் சென்று நிறுவனம் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியது, அமெரிக்கா ஒரே சந்தை போலத் தோன்றினும் சட்டத்தால் 50 மாநிலங்களின் கூட்டு என்பதாகும். நிறுவனப் பதிவை நடுவணரசு செய்வதில்லை, மாநிலமே செய்கிறது. டெலவேர் என்னும் சிறு மாநிலத்தில் பதிவு செய்துகொள்வோர் மிகப் பலர். அங்குள்ள நிறுவனச் சட்டமும் நிறுவன வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றமும் அதற்குக் காரணம். ஆயினும் தொழில் நடக்கும் மாநிலத்திலும் தனியே பதிவு பெற வேண்டும். சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர்க்கு இங்கொரு சுவையான செய்தி உண்டு. அந்நாட்டுச் சட்ட வழக்கில், பக்கத்து மாநில நிறுவனமே 'அயல் நிறுவனம்' எனப்படுகிறது! பிறநாட்டு நிறுவனத்துக்கு வேறு சொல் உள்ளது. அதாவது டெலவேரில் பிறந்த அமெரிக்க நிறுவனமும் வட கரோலினாவில் அயலாரே. அயலார் என்பதற்காக அங்கு யாரும் தடுக்கப்படுவதில்லை. பதிவு செய்துகொண்டு பொறுப்பேற்கவே கேட்கப்படுகின்றனர்.

அடுத்தது, கிளையா துணை நிறுவனமா என்னும் தேர்வு. நம் கோவை நிறுவனமே அங்கு நேரடியாகக் கிளை திறந்தால், அங்கு எழும் வழக்கு இங்குள்ள ஆலை வரை நீளக்கூடும். துணை நிறுவனம் ஒன்றை அமைத்தால் பொறுப்பு பெரும்பாலும் அதன் எல்லைக்குள் நிற்கும். பின்னர் நடுவண் வரித்துறையின் அடையாள எண், வங்கிக் கணக்கு, வணிகச் சின்னப் பதிவு, காப்பீடு என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கிருந்து மேலாளர் ஒருவரை அனுப்ப 'எல்-1' என்னும் நுழைவிசைவு உண்டு. அதற்கு அவர் முந்தைய மூன்றாண்டுகளுள் ஓராண்டேனும் இடையறாது நம் நிறுவனத்தில் பணியாற்றியிருக்க வேண்டும். இவையனைத்தும் பட்டியலிட்டு முடித்துவிடக் கூடிய வேலைகள். பட்டியலில் அடங்காத வேலை, நம்பிக்கை பெறுவது.

காற்றை விற்ற கோவை

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கப்பெற்ற எல்ஜி எக்யுப்மென்ட்ஸ் நிறுவனம், காற்றழுத்தி எனப்படும் 'கம்ப்ரசர்' செய்வது. சாலையோரப் பஞ்சர் கடை முதல் நூற்பாலை வரை, கொங்கு மண்ணில் அதன் பெயரை அறியாதோர் சிலரே.

தொழிற்சாலைக்குக் கம்ப்ரசர் என்பது உடலுக்கு நுரையீரல் போன்றது. பஞ்சாலை, மருந்தாலை, உணவாலை யாவற்றிலும் பொறிகளை இயக்க அழுத்தக் காற்று வேண்டும். அது நின்றால் ஆலையே நிற்கும். எனவே ஓர் அமெரிக்க ஆலை மேலாளர் கம்ப்ரசர் வாங்கும்போது, "விலை என்ன?" என்பதைவிட, "நள்ளிரவில் நின்றுவிட்டால் யார் வருவார்?" என்பதையே பெரிதாக எண்ணுவார். கோவையிலிருந்து மலிவான விலையில் நல்ல பொறியை அனுப்பலாம். நள்ளிரவில் பழுது பார்ப்பவரை அனுப்ப இயலுமா?

2012ஆம் ஆண்டில் எல்ஜி இவ்வினாவுக்கு விடை கண்டது. வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரிலிருந்த பாட்டன்ஸ் என்னும் நிறுவனத்தை அது விலைக்கு வாங்கியது. பாட்டன்ஸ், அப்பகுதியில் கம்ப்ரசர் விற்றும் பழுது பார்த்தும் வந்த முகவர் நிறுவனம். மருத்துவமனைகளுக்கான காற்றமைப்புகளையும் செய்து வந்தது. இங்குக் கருதத்தக்கது யாதெனில், எல்ஜி வாங்கியது வெறும் கட்டடத்தையோ பொறிகளையோ அன்று. அப்பகுதியின் ஆலைகளை அறிந்த பணியாளர்களையும், அவர்கள் ஈட்டிவைத்திருந்த நன்மதிப்பையும் அது பெற்றது. கோவைப் பொறியை அறியாத ஆலைக்காரர், அதைப் பழுது பார்க்க வருபவரை அறிவார். அம்முகத்தின் வழியாகவே அயலூர்ப் பெயர் உள்ளே நுழைந்தது. 2019இல் மிச்சிகன் ஏர் சொலூஷன்ஸ் என்னும் மற்றொரு முகவர் நிறுவனத்தையும் எல்ஜி வாங்கி, வேறொரு மாநிலத்தில் அதே வழியைப் பின்பற்றியது. தரத்துக்கென ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை அதே 2019இல் பெற்றதும் குறிப்பிடத்தக்கது. முகவரின் நல்லெண்ணம் வாசலைத் திறக்கும். உள்ளே நிலைத்திருக்கப் பொறியின் தரமே துணை நிற்கும்.

பொறியையும் அந்நாட்டுக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அங்கு 60. இங்கு நிமிடத்துக்கு 1500 சுற்று என்னும் கணக்கில் அமையும் நான்கு துருவ மோட்டார், அங்கு 1800 சுற்றுக் கணக்கில் ஓடும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம்! பல்சக்கர விகிதமும் குளிர்விப்பும் அதற்கேற்ப அமையாவிடில் பொறி தாங்காது. மின்னழுத்தம் வேறு, அளவைகள் வேறு. மீட்டருக்கு மாற்றாக அடியும் அங்குலமும். "நம் ஊரில் நன்றாக ஓடுகிறதே" என்பது அங்கு வாதமாகாது.

பொறுப்பேற்கும் பெயர்

தர விதிகளை அலுவலகத் தொல்லையென்று கருதும் போக்கு நம்மிடையே உண்டு. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு துயரம் இருப்பதை நாம் அறிவதில்லை. 1905ஆம் ஆண்டு மார்ச்சு 20 அன்று, அமெரிக்காவின் பிராக்டன் நகரில் குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்தது. 58 பேர் மாண்டனர். அது போன்ற விபத்துகளின் விளைவாகவே, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் கொதிகலனுக்கு உரிய நெறித்தொகுப்பை வகுத்து 1915இல் வெளியிட்டது. இன்றும் கம்ப்ரசரின் காற்றுத் தொட்டி அங்குப் பரவலாக ஏற்கப்பட அந்நெறியின் முத்திரை வேண்டும். அம்முத்திரையில் நாம் காண்பது வெறும் எழுத்தன்று, மாண்டோரின் நினைவு.

ஆடைக்கும் இது பொருந்தும். குழந்தைகளின் தலைமூடியுடன் கூடிய மேலாடையில் கழுத்தருகே நாடாக்கயிறு இருத்தல் அங்கு ஏற்கப்படுவதில்லை. சறுக்கு மரத்திலும் பேருந்துக் கதவிலும் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்ததே காரணம். குழந்தைகளின் இரவு உடைக்குத் தீப்பற்றும் தன்மை குறித்த தனி விதி உண்டு. 2008ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளுக்கான பொருள்களை ஏற்புப் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டுமென்கிறது. தவறு நேர்ந்தால், வேண்டுமென்று செய்தோமா இல்லையா என்று பாராமல், பொருளிலுள்ள குறைக்கே நிறுவனம் பொறுப்பேற்க நேரிடும். வழக்கில் வென்றால் மட்டும் கூலி பெறும் வழக்கறிஞர்கள் அங்குள்ளமையால், எளியவரும் பெரிய நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியும். பொருட்பொறுப்புக் காப்பீடு இன்றி அச்சந்தையில் இறங்குதல், கரையறியாத ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

குறையை மறைப்பதைவிட உரைப்பது நன்று என்பதற்குத் தமிழகத்தின் கைத்தறியே ஒரு சான்று. 1950களின் இறுதியில் சென்னைக் கட்டம் போட்ட துணி அமெரிக்காவில் புகழடைந்தது. இயற்கைச் சாயமாதலால் துவைக்கத் துவைக்க நிறம் கசிந்தது, வாங்கியோர் சினந்தனர். பின்னர் விற்பனையாளர், "இத்துணி நிறம் கசியும், அதுவே இதன் இயல்பு" என்று வெளிப்படையாக விளம்பரம் செய்தனர். குறையெனப் பட்டது சிறப்பெனப் போற்றப்பட்டது. மறைத்தபோது வழக்காக இருந்தது, சொன்னபோது வாணிபமாயிற்று.

எச்சரிக்கைகள்

இவ்வழியில் சென்றோர் யாவரும் வென்றனர் என்று கூறுதல் நாணயமாகாது. அருட்செல்வர் நா. மகாலிங்கம் அவர்களின் பெயரோடு இணைந்த பொள்ளாச்சி சக்தி குழுமம், மோட்டார் வாகன உறுப்புகள் செய்யும் தொழிலை டெட்ராயிட் நகர் வரை கொண்டு சென்றது. வாகனத் தொழில் நலிந்து வறுமையுற்றிருந்த அந்நகரில், மூடிக் கிடந்த பள்ளி வளாகம் ஒன்றை வாங்கி விரிவாக்கத்தில் இறங்கியது. சிறை மீண்டவர்களுக்கும் அது வேலை தந்தது. ஆயினும் 2019இல் அவ்வாலை மூடப்பட்டது. இத்தகைய நிகழ்வுக்கு ஒற்றைக் காரணம் கூறுதல் முறையன்று. எனினும் அயல் மண்ணில் ஆலை நிறுவுதல், பெரும் முதலையும் நீண்ட பொறுமையையும் கேட்கும் என்பதையும், நல்ல நோக்கம் மட்டுமே காவலாகாது என்பதையும் நாம் உணர்தல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை நம் மனச்சான்றுக்கு உரியது. எல்ஜி கால் பதித்த சார்லட் நகரை அடுத்துள்ளது கன்னாபோலிஸ். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த பெரும் ஆலையூர் அது. நம் கரூரைப் போன்றது. அங்கிருந்த பில்லோடெக்ஸ் நிறுவனம் 2003 சூலையில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தனர். அயல்நாட்டுத் துணிகளின் போட்டியும் அதற்குக் காரணமாயிற்று. நம் ஏற்றுமதி வளர்ந்த அதே காலத்தில் அங்கு நெசவாளர் வீதிக்கு வந்தனர். அமெரிக்க வாக்காளர் இறக்குமதி வரியை ஏன் ஆதரிக்கின்றனர் என்பதற்கு இவ்வூரின் கதையும் ஒரு விடை. விற்பதற்கு மட்டும் வருபவனை எந்த ஊரும் நீண்ட நாள் விரும்பாது. வேலை தருபவனையும் வரி கட்டுபவனையும் ஊர் தன்னவனாகக் கொள்ளும்.

மூன்றாவது எச்சரிக்கை நம் வீட்டு வாசலில் உள்ளது. சாயக் கழிவால் நொய்யல் நலிந்ததும், ஒரத்துப்பாளையம் அணை நீர் உழவர்க்கு உதவாது போனதும் நாம் அறிந்தவை. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் திருப்பூர் பெரும் பொருட்செலவில் மறுசுழற்சி முறைக்கு மாறியது. இன்று அமெரிக்க 'பையர்' அதையே முதலில் கேட்கிறார். வெளிநாட்டார் கேட்பதற்கு முன் கீழ்க்கரை உழவர் கேட்டதற்கு நாம் செவி சாய்த்திருப்போமாயின், பல ஆண்டுத் துயரும் வழக்கும் நேர்ந்திரா.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவுகள் சில. முதலாவது, ஒரே நாட்டின் ஒரே 'பையரை' நம்பி முழு ஆலையையும் நடத்தலாகாது. இரண்டாவது, சிறு நிறுவனங்கள் தனித்தனியே அமெரிக்கா செல்ல இயலாதாயினும், சிலர் கூடி ஒரு கிடங்கையும் ஒரு விற்பனை அலுவலரையும் ஒரு பொதுப் பெயரையும் அங்கு அமைத்துக்கொள்ள முடியும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று உரையாடும் நம் தோல் வணிகரும் துணி வணிகரும், இதனைக் கூட்டாகச் சிந்திக்கலாம். நம் இளைஞரை வளைகுடாவுக்குக் கூலிக்கு அனுப்பிப் பழகிய சமுதாயம், அவர்களை மேலாளராக அனுப்பும் நிறுவனங்களை உருவாக்குதல் அரிதன்று. மூன்றாவது, அனுப்பிய சரக்குக்குப் பணம் வராத இடரைத் தாங்கும் ஏற்றுமதிக் கடன் காப்பீடு, 1957 முதல் நம் நாட்டில் அரசு நிறுவனம் ஒன்றால் வழங்கப்பட்டு வருகிறது. சிறு ஏற்றுமதியாளர் அதனை வீண் செலவு என்று ஒதுக்குதல் தகாது.

நான்காவது, ஒப்பந்தத்தைப் படித்தறிதல். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வடித்துச் சான்று வைத்தல் பற்றியது என்பது நம் சமுதாயப் பெரியோர் அறிந்ததே. அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் தனி அத்தியாயமே அதில் உண்டு. நம்பிக்கையும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல; நம்பிக்கையைக் காப்பதற்கே எழுத்து. ஆயின் நம் ஊர்ச் சிறு முதலாளிகள் பலர், பல பக்க ஆங்கில ஒப்பந்தத்தைப் படியாமலே கையொப்பமிடுகின்றனர். காலந்தாழ்ந்தால் விமானத்தில் அனுப்பும் செலவு யாருடையது, துணி திருப்பப்பட்டால் இழப்பு யாருடையது, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்கும் என்னும் வரிகள் அதனுள் உறங்குகின்றன. சரக்கு திரும்பிய பின்னரே அவை விழிக்கின்றன.

இங்குத்தான் தமிழ் பயின்றோர்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. ஒப்பந்தங்களையும் தர விதிகளையும் தெளிந்த தமிழில் பெயர்த்துத் தரும் ஆற்றலுடையோர் இன்று மிகக் குறைவு. சட்டச் சொல்லின் நுட்பம் கெடாமல், பட்டறை உரிமையாளரும் தையற்காரரும் ஒருங்கே உணரும்படி எழுதுதல் எளிய வேலையன்று. இலக்கணமும் உரைமரபும் கற்ற மாணவர், வணிகவியல் துறை மாணவரோடு இணைந்து இதில் பயிற்சி பெறுவராயின், தமிழுக்குப் புது வாழ்வும் மாணவர்க்குப் புது வாழ்க்கையும் கிட்டும். நம் துறை இத்தகைய சான்றிதழ்ப் பயிற்சி ஒன்றைத் தொடங்குவது குறித்துக் கல்லூரி ஆட்சிக் குழுவினர் கனிவுடன் சிந்திக்க வேண்டுகிறோம்.

முடிவுரை

உரோமக் காசைக் கையில் வாங்கிய கொடுமணல் கைவினைஞர் அதன் மாற்றைக் கண்டு நம்பினார். கோவைப் பொறியை வாங்கும் அமெரிக்க ஆலைக்காரர், அதன் பின்னே நிற்கும் மனிதரைக் கண்டு நம்புகிறார். நல்ல பொருளும் தகுந்த விலையும் வாசல் வரை கொண்டு சேர்க்கும். குறை நேர்ந்தால் "இதோ, நாங்கள் இருக்கிறோம்" என்று அவ்வூரிலேயே நின்று சொல்பவருக்கே உள்ளே இடம் கிடைக்கும்.

வாரத்தில் மூன்று நாள் வேலையோடு வகுப்புக்கு வந்த அம்மாணவரை நினைத்தே இக்கட்டுரையை எழுதினோம். அவர் கையால் சரிபார்த்த சட்டையில் அவர் ஊரின் பெயர் ஒருநாள் பொறிக்கப்பட வேண்டும். அப்பெயரைக் கண்டு, கடலுக்கு அப்பால் ஒருவர், "இவர்கள் நாணயமானவர்கள்" என்று சொல்ல வேண்டும். அந்நாளை விரைவில் அருள எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.